விருது பெற்ற ஆசிரியர் சங்கத்தில் உறுப்பினர் தகுதியை விரிவாக்குவது எப்படி? பைலா திருத்தம் முதல் பதிவேடு வரை

தேசிய, மாநில நல்லாசிரியர் விருது வாங்கியவர்கள் சேர்ந்திருக்கும் எங்கள் மாவட்ட விருதாசிரியர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் முதல் பொருள் எப்போதும் இரங்கல் தீர்மானம்தான். ஒரு வருடம் அதில் ஒன்பது பெயர் படித்தேன். எல்லோரும் எழுந்து நின்றோம், உட்கார்ந்தோம். அடுத்த பொருள் 'புதிய உறுப்பினர் அறிமுகம்'. அதில் ஒரே ஒருவர், அவரும் ஓய்வுபெற இரண்டு வருடம்தான் பாக்கி. முன்வரிசையில் இருந்த ஒரு மூத்த தலைமையாசிரியை அம்மா என்னைப் பார்த்து, "தம்பி, இந்தக் கணக்கு எனக்குப் புரியுது, உனக்குப் புரியுதா?" என்று கேட்டார். அன்றைக்கு ஆரம்பித்த வேலை முடிய ஒன்றரை வருடம் ஆனது. அதில் கற்றுக்கொண்டதை, செய்த தவறுகளோடு சேர்த்து, எழுதி வைக்கிறேன். உங்கள் சங்கமும் இதே நிலையில் இருந்தால் உதவும்.

முதலில் ஏன் ஆள் வரவில்லை என்று பார்த்துவிடுங்கள், ஏனென்றால் காரணம் தெரியாமல் விதியை மாற்றினால் மாற்றிய விதியும் வேலை செய்யாது. எங்களுக்கு இரண்டு காரணம். ஒன்று, மத்திய அரசின் தேசிய ஆசிரியர் விருது. 1958 முதல் கொடுக்கப்படும் அந்த விருது ஒரு காலத்தில் நாடு முழுக்க வருடம் முந்நூறு பேருக்கு மேல் கிடைத்தது, தமிழ்நாட்டுக்கு மட்டும் இருபதுக்கு மேல் வரும். 2018-ல் முறையை மாற்றினார்கள். ஆசிரியரே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், மாவட்டக் குழு, மாநிலக் குழு, கடைசியில் தேசிய நடுவர் குழு என்று மூன்று படி வைத்தார்கள், மொத்த எண்ணிக்கையை 45 ஆகக் குறைத்தார்கள். அந்த வருடம் தமிழ்நாட்டுக்கு ஒரே ஒரு விருது. அதற்கப்புறமும் ஒன்று, இரண்டு என்றுதான் வருகிறது. இந்த நிலையில் எத்தனை மாவட்டத்துக்கு எத்தனை வருடத்துக்கு ஒரு தேசிய விருதாளர் கிடைப்பார் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது காரணம் எங்கள் பைலாவிலேயே, அதாவது சங்கத்தின் துணை விதிகளிலேயே இருந்தது: 'அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியர்' என்ற ஒரு வரி. மாநில அரசின் டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது, அதாவது நாம் நல்லாசிரியர் விருது என்று சொல்வது, மெட்ரிக் பள்ளி ஆசிரியர்களுக்கும் கிடைக்கிறது. அதே மேடையில் அதே வெள்ளிப் பதக்கத்தை வாங்கியவரை நாங்கள் வெளியே நிறுத்தி வைத்திருந்தோம். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை, சங்கம் ஆரம்பித்த நாளில் கூடியவர்கள் எல்லாரும் அரசுப் பள்ளிக்காரர்கள், அவ்வளவுதான்.

சரி, வேலைக்கு வருவோம்.

பைலாவை அலுவலகத்தில் வாங்குங்கள், பீரோவிலிருந்து எடுக்காதீர்கள்

செயலாளர் வீட்டு பீரோவில் இருக்கும் ஜெராக்ஸை நம்பி ஆரம்பிக்காதீர்கள். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, பதிவான சங்க விவரக் குறிப்பு, துணை விதிகள், இதுவரை பதிவான திருத்தங்கள் எல்லாவற்றுக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். நாங்கள் வாங்கிப் பார்த்தபோது, பல வருடம் முன்பு பொதுக்குழுவில் நிறைவேற்றிய ஒரு திருத்தம் பதிவுக்கே போகவில்லை என்று தெரிந்தது. ஓய்வு பெற்றவர்களும் பொறுப்புக்கு வரலாம் என்ற திருத்தம் அது. மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, பதிவாளர் கோப்பில் இல்லை. அதை நம்பி இரண்டு தலைவர்கள் பதவியில் இருந்து முடித்துவிட்டார்கள். யாரும் வழக்குப் போடாததால் தப்பித்தோம். புதிய திருத்தத்தோடு சேர்த்து அந்தப் பழைய திருத்தத்தையும் மறுபடி முறையாக நிறைவேற்ற வேண்டியதாயிற்று.

அதே சமயம் உங்கள் அமைப்பு எந்த வகை என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் பதிவான சங்கம் என்றால் இந்தக் கட்டுரை அப்படியே பொருந்தும். டிரஸ்ட் என்றால் அதில் உறுப்பினர் என்ற பேச்சே வேறு, பத்திரத்தை எழுதிய வழக்கறிஞரிடம் போங்கள். அரசு அங்கீகாரம் பெற்ற பணியாளர் சங்கமாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. அங்கீகார ஆணையில் யார் உறுப்பினராகலாம் என்று நிபந்தனை இருக்கும், வெளியாரைச் சேர்த்தால் அந்த அங்கீகாரமே போய்விடக்கூடும். அரசுப் பணியில் இருக்கும் உறுப்பினர்கள் 1973-ஆம் வருட தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளுக்கும் கட்டுப்பட்டவர்கள். இதைப் பேசி முடிக்காமல் அடுத்த அடி வைக்க வேண்டாம்.

வெளியே நிற்பவர்கள் யார் யார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் உட்கார்ந்து ஒரு நீளத்தாளில் எழுதினோம். மெட்ரிக் பள்ளி நல்லாசிரியர்கள் முதல் வரி. அடுத்து, பள்ளிக் கல்வித்துறை பல கட்டத் தேர்வு வைத்துத் தேர்ந்தெடுக்கும் கனவு ஆசிரியர் விருது வாங்கியவர்கள். இவர்கள் பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள், சங்கத்துக்கு உயிர் கொடுக்கப் போவது இவர்கள்தான். அப்புறம் மத்திய அரசின் தேசிய ஐசிடி (தகவல் தொடர்புத் தொழில்நுட்ப) விருது வாங்கியவர்கள். 2023 முதல் தேசிய ஆசிரியர் விருது கல்லூரி, பாலிடெக்னிக், திறன் பயிற்சி ஆசிரியர்களுக்கும் கொடுக்கப்படுகிறது. 2023-ல் மொத்தம் 75 பேரில் 25 பேர் பள்ளிக்கு வெளியே உள்ளவர்கள். எங்கள் பைலாவில் 'பள்ளி ஆசிரியர்' என்று இருந்ததால், தேசிய விருதே வாங்கியிருந்தாலும் ஒரு ஐடிஐ பயிற்றுநர் எங்களிடம் சேர முடியாது. இப்படி ஒரு ஓட்டை இருப்பதே அன்றைக்குத்தான் எங்கள் கண்ணில் பட்டது.

பக்கத்து மாநிலத்திலோ யூனியன் பிரதேசத்திலோ விருது வாங்கி இங்கே குடிவந்தவர்கள் இன்னொரு வகை. புதுச்சேரி அரசும் தன் ஆசிரியர்களுக்கு விருது கொடுக்கிறது. எல்லையோர மாவட்டங்களில் இது சும்மா ஏட்டுக் கேள்வி இல்லை.

அடுத்து ஒரு வகையைப் பற்றி எங்களுக்குள் நீண்ட வாக்குவாதம்: மாவட்டக் குழு தேர்ந்தெடுத்து மாநிலக் குழு வரை போய் விருது கிடைக்காமல் போனவர்கள். அமெரிக்காவில் மாநில அளவில் 'ஆண்டின் சிறந்த ஆசிரியர்' ஆனவர்களுக்கென்று உள்ள தேசிய அமைப்பு, இறுதிச்சுற்று வரை வந்தவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது, இப்போதும் பிடித்திருக்கிறது. ஆனால் இங்கே நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. அங்கே இறுதிப் பட்டியலை வெளியே அறிவிக்கிறார்கள். இங்கே மாவட்டத்திலிருந்து போன பெயர்களுக்கு விண்ணப்பதாரர் கையில் காட்ட ஒரு தாள் கிடைப்பது அரிது. எதை வைத்துச் சரிபார்ப்பது? ஆதாரம் காட்ட முடியாத தகுதியைப் பைலாவில் எழுதினால், பின்னால் செயற்குழுவுக்கு வேண்டியவர்கள் மட்டும் உள்ளே வருவார்கள். அதனால் நாங்கள் இதைச் சேர்க்கவில்லை. உங்கள் மாவட்டத்தில் எழுத்துப்பூர்வமான ஆதாரம் கிடைக்கும் என்றால் இவர்களைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தனியார் விருதுகள்: இங்கேதான் சங்கங்கள் உடைகின்றன

ரோட்டரி சங்கங்கள் 'நேஷன் பில்டர்' விருது கொடுக்கின்றன, லயன்ஸ் சங்கங்கள் கொடுக்கின்றன, நாளிதழ்களும் கல்லூரிகளும் அறக்கட்டளைகளும் கொடுக்கின்றன. இவற்றில் பல நேர்மையாகத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கப்படுபவை. ஒரு மலைக்கிராமத் தொடக்கப்பள்ளியில் பதினெட்டு வருடம் இருந்த ஒரு ஆசிரியைக்கு அரசு விருதுக்கு விண்ணப்பிக்கவே நேரமில்லை, ஆனால் ஒரு சிறிய அறக்கட்டளை அவரைத் தேடிப் போய்க் கௌரவித்தது. அவரைச் சேர்க்காமல் விட்டு எங்கள் சங்கம் என்ன சாதிக்கப் போகிறது?

ஆனால் பணம் கட்டினால் கிடைக்கும் விருதுகளும் வாட்ஸ்அப்பில் தினமும் வருகின்றன. 'தங்கள் பெயர் தேர்வாகியுள்ளது, பதிவுக் கட்டணம் செலுத்தவும், கேடயமும் மதிய உணவும் உண்டு' என்று. இதை வாங்கியவர்களில் பலர் நல்ல ஆசிரியர்கள்தான், ஏமாந்திருக்கிறார்கள். அவர்களை அவமானப்படுத்தாமல், அந்த விருதை மட்டும் ஏற்காமல் இருக்க ஒரு வழி வேண்டும்.

எங்களுக்கு வழி காட்டியது ஒரு எளிய மாற்றம். விருதின் பெயரைப் பைலாவில் எழுதாமல் அளவுகோலை எழுதினோம். நான்கு கேள்வி. விருது வாங்க ஆசிரியர் எந்தப் பெயரிலாவது பணம் கட்டினாரா? தகுதி என்ன என்று முன்கூட்டியே வெளியிட்டார்களா? தேர்ந்தெடுத்த குழுவில் அந்த அமைப்பைச் சேராத யாராவது இருந்தார்களா? குறைந்தது மூன்று வருடமாவது தொடர்ந்து கொடுக்கிறார்களா? முதல் கேள்விக்கு 'ஆம்' என்றால் அங்கேயே முடிந்தது. மற்ற மூன்றுக்கும் 'ஆம்' வர வேண்டும்.

எந்தெந்த விருது இதில் தேறும் என்ற பட்டியலைப் பைலாவுக்குள் வைக்காதீர்கள். வைத்தால் ஒவ்வொரு புது விருதுக்கும் மறுபடி சிறப்புத் தீர்மானம், மறுபடி பதிவு. பட்டியலை ஆண்டுப் பொதுக்குழு சாதாரணப் பெரும்பான்மையில் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி எழுதி, அளவுகோலை மட்டும் பைலாவில் வையுங்கள். செயற்குழுவுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள். பொதுக்குழுவில்தான் இருக்க வேண்டும், இதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

ஓட்டு உண்டா இல்லையா

பல சங்கங்கள் பயந்துகொண்டு 'இணை உறுப்பினர்' என்று ஒரு வகையை உண்டாக்கும். சந்தா கட்டலாம், விழாவுக்கு வரலாம், நாற்காலி போடலாம், ஓட்டு மட்டும் கிடையாது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். வகுப்பறையில் கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளையை நிரந்தரமாக உட்கார வைத்தால் அந்தப் பிள்ளை எப்படி ஆகும் என்று நமக்குத் தெரியும், நமக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. எங்கள் முதல் வரைவில் இணை உறுப்பினர் இருந்தது. ஒரு கனவு ஆசிரியர் விருதாளரிடம் அதைக் காட்டி அபிப்பிராயம் கேட்டேன். படித்துவிட்டு மரியாதையாக, "சார், பரவாயில்லை சார், நான் விழாவுக்கு வேணும்னா வந்துடறேன்" என்றார். அடுத்த நாளே அந்தப் பிரிவை அடித்துவிட்டேன்.

மூத்தவர்களின் பயத்துக்கும் அர்த்தம் இருக்கிறது. ஒரே வருடத்தில் எண்பது பேர் சேர்ந்து அடுத்த தேர்தலில் எல்லாப் பதவியையும் எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். அதற்கு இடைக்காலம் வையுங்கள். சேர்ந்து ஒரு வருடம் முடிந்தால் ஓட்டு, இரண்டு வருடம் முடிந்தால் பொறுப்புக்குப் போட்டியிடலாம். இது எல்லாப் புதிய உறுப்பினருக்கும் பொருந்த வேண்டும், தேசிய விருதாளரே நாளைக்குச் சேர்ந்தாலும். ஆயுள் சந்தாவும் ஒரே தொகைதான். வகைக்கு ஒரு தொகை என்று வைத்தால் ரசீது புத்தகத்திலேயே சாதி வந்துவிடும்.

மூத்தவர்களிடம் பேசுவது

சட்டத்தை விட இதற்குத்தான் அதிக நாள் ஆகும். யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்யும் உரிமை ஏற்கெனவே இருக்கும் உறுப்பினர்களுடையது. இதை அரசாங்கமே மீற முடியாது. 1962-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு அலகாபாத்தில் இருந்த இந்தி சாகித்ய சம்மேளனத்தின் உறுப்பினர் அமைப்பை மாற்றியது. தமயந்தி நாரங்க வழக்கில் 1971-ல் உச்சநீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. சங்கம் அமைக்கும் உரிமை என்றால், தாங்களாக விரும்பிச் சேர்த்துக்கொண்டவர்களோடு மட்டும் தொடர்ந்து சங்கமாக இருக்கும் உரிமையும் அதில் அடங்கும் என்றது நீதிமன்றம். ஆகவே, 'காலம் மாறிவிட்டது, நீங்களும் மாறுங்கள்' என்று மூத்தவர்களிடம் போய் நிற்க நமக்கு எந்த உரிமையும் இல்லை. கேட்கத்தான் முடியும். வீட்டுக்குப் போய்க் கேளுங்கள், வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டுக் கேட்காதீர்கள்.

நான் பதினேழு வீட்டுக்குப் போனேன். ஒரு வீட்டில் எண்பது தாண்டிய ஐயா ஒருவர், நடுக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பதக்கத்தையும் அதற்குக் கீழே மடித்து வைத்த பச்சைக்கரைச் சால்வையையும் காட்டினார். சால்வை மடிப்பில் மஞ்சளாகிப் போயிருந்தது. "இதை வாங்கறதுக்கு முப்பத்திநாலு வருசம் சாக்பீஸ் தின்னேன் தம்பி. நேத்து வந்தவன் கம்ப்யூட்டர்ல பரீட்சை எழுதி எனக்குச் சமமா உக்காருவானா?" என்றார். நான் எதிர்வாதம் எதுவும் செய்யவில்லை. அந்தக் கனவு ஆசிரியரின் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய கையெழுத்து நோட்டு ஒன்றைக் கொண்டு போயிருந்தேன், அதைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் பக்கம் பக்கமாகப் பார்த்தார். 'ழ' எல்லோருக்கும் சரியாக வந்திருக்கிறதே, எப்படிச் சொல்லிக் கொடுத்தான் என்று கேட்டார். பொதுக்குழுவுக்கு ஆட்டோ பிடித்து வந்து கை தூக்கினார். எல்லா வீட்டிலும் இப்படி நடக்காது, நான்கு வீட்டில் காபி கூடக் குடிக்காமல் திரும்பினேன். ஆனாலும் போய்ப் பேசிய வீடுகளிலிருந்து எதிர்ப்பு கோபமாக வரவில்லை.

'விருதின் மதிப்பு குறைந்துவிடும்' என்ற பேச்சுக்கு ஒரு பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: விருதை அரசு கொடுத்தது, அதைச் சங்கம் கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது. சங்கம் செய்யக்கூடியது, அதை வாங்கியவர்களின் அனுபவத்தை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சேர்ப்பது.

வாசகத்தை எழுதும்போது

எங்கள் பழைய விதி இது: 'தேசிய மற்றும் மாநில நல்லாசிரியர் விருது பெற்ற அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியர்கள் இச்சங்கத்தின் உறுப்பினர்கள் ஆவர்.'

புதிய விதி ஏறக்குறைய இப்படி வந்தது: 'இம்மாவட்டத்தில் பணிபுரிகின்ற, பணிபுரிந்து ஓய்வு பெற்ற, அல்லது வசிக்கின்ற ஆசிரியர் எவரும், கற்பித்தல் பணிக்காக மத்திய அரசோ ஏதேனும் ஒரு மாநில அல்லது யூனியன் பிரதேச அரசோ வழங்கிய விருதைப் பெற்றிருந்தால் உறுப்பினராகலாம். கட்டணம் ஏதும் பெறாமல், வெளியிடப்பட்ட தகுதிகளின்படி, வெளியாரும் இடம்பெற்ற குழுவால் தேர்ந்தெடுக்கப்பட்டு, மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் தொடர்ந்து வழங்கப்பட்டு வருவதாகப் பொதுக்குழு ஏற்ற பிற விருதைப் பெற்றவரும் உறுப்பினராகலாம்.' இதற்கு அடுத்த வரியில் 'ஆசிரியர்' என்றால் யார் என்று விளக்கம்: பள்ளி, கல்லூரி, பாலிடெக்னிக், தொழிற்பயிற்சி நிலையம் ஆகியவற்றில் கற்பிப்பவர், தலைமையாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், ஓவிய, இசை, தையல் ஆசிரியர், பகுதிநேரப் பயிற்றுநர், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர் உட்பட. பகுதிநேரப் பயிற்றுநர் என்ற சொல்லைப் பெயர் சொல்லியே எழுதுங்கள். எழுதாவிட்டால் பின்னால் யாராவது ஒருவர் 'அவர் நிரந்தரப் பணியாளர் இல்லையே' என்று எழுந்து நிற்பார்.

'சிறந்த', 'தகுதி வாய்ந்த', 'நற்பெயர் பெற்ற' போன்ற சொற்களைப் பைலாவில் எழுதாதீர்கள். அவற்றை அளக்க முடியாது. 'செயற்குழுவின் முடிவே இறுதியானது' என்று எழுதும் பழக்கத்தையும் விடுங்கள். விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், பொதுக்குழுவிடம் முறையிடலாம் என்று வையுங்கள்.

கதவைத் திறக்கும்போதே இன்னொன்றையும் எழுதிவிடுங்கள்: போக்சோ (குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றம்) வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரின் உறுப்பினர் உரிமை வழக்கு முடியும்வரை நிறுத்தி வைக்கப்படும், தண்டனை வந்தால் நீக்கப்படும். விருது வாங்கிய ஆசிரியர் என்ற பெயரோடு பள்ளிகளுக்குள் நம் உறுப்பினர்களை அனுப்புகிறோம். குழந்தைகள் விஷயத்தில் தயவு தாட்சண்யம் கூடாது.

நோட்டீஸும் கூட்டமும்

துணை விதியைத் திருத்த சிறப்புத் தீர்மானம் வேண்டும். அப்படி என்றால், இன்ன தீர்மானத்தைச் சிறப்புத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறோம் என்று குறிப்பிட்டு 21 நாளுக்குக் குறையாமல் நோட்டீஸ் கொடுத்த பொதுக்குழுவில், வந்திருக்கும் ஓட்டுரிமை உள்ளவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரிக்க வேண்டும். 'வந்திருக்கும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 64 பேர் வந்திருந்தால் 48 கை தேவை. 47 பேர் ஆதரவு, 5 பேர் எதிர்ப்பு, 12 பேர் சும்மா இருந்தார்கள் என்றால் தீர்மானம் தோற்றது. சும்மா இருப்பவர் எதிராக ஓட்டுப் போட்டதாகவே ஆகிறது, இதை முன்கூட்டியே உறுப்பினர்களுக்குச் சொல்லுங்கள். உங்கள் பைலாவில் இதைவிடக் கடுமையான நிபந்தனையோ, குறைந்தது இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற வரியோ இருந்தால் அதையும் பார்க்க வேண்டும்.

நோட்டீஸை 21 நாளுக்கு நெருக்கமாக அனுப்பாதீர்கள், ஒரு மாதம் முன்பே அனுப்புங்கள். பழைய விதி, புதிய விதி இரண்டையும் அருகருகே அச்சடித்து, தபாலில் அனுப்பி, அனுப்பிய ரசீதைக் கோப்பில் வையுங்கள். வாட்ஸ்அப் நினைவூட்டலுக்கு மட்டும். பொதுத்தேர்வு மாதங்களையும் விடைத்தாள் திருத்தும் நாட்களையும் தவிருங்கள். செப்டம்பர் 5 அன்று வைக்கவே வேண்டாம், அன்றைக்கு விருது வாங்கப் போனவர்களும் வாழ்த்தப் போனவர்களும் யாரும் இருக்க மாட்டார்கள். வயதானவர்கள் இருட்டுவதற்குள் வீடு திரும்பும்படி காலையில் வையுங்கள்.

எனக்கு யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கும் விஷயம் இது: எல்லா மாற்றத்தையும் ஒரே தீர்மானமாகப் போடாதீர்கள். மெட்ரிக் பள்ளி ஆசிரியர் ஒரு தீர்மானம், கல்லூரி, தொழிற்கல்வி ஆசிரியர் ஒரு தீர்மானம், பிற விருது ஒரு தீர்மானம், ஓட்டுரிமை இடைக்காலம் ஒரு தீர்மானம். எங்கள் முதல் பொதுக்குழுவில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிக் கொண்டுபோனோம். தனியார் விருது பிடிக்காத பதினைந்து பேர் மொத்தத்தையும் தோற்கடித்தார்கள். மெட்ரிக் பள்ளி ஆசிரியர்களைச் சேர்ப்பதில் அவர்களுக்கு ஆட்சேபமே இல்லை. எட்டு மாதம் கழித்துத் தனித்தனியாகக் கொண்டு போனோம், எல்லாமே நிறைவேறின, தனியார் விருது இரண்டே கை வித்தியாசத்தில்.

கை தூக்குவதை இரண்டு பேர் எண்ணட்டும், அதில் ஒருவர் எதிர்ப்பவர்கள் பக்கமிருந்து இருக்கட்டும். எண்ணிக்கையை அங்கேயே மினிட்ஸ் புத்தகத்தில் எழுத்திலும் எண்ணிலும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வருகைப் பதிவேட்டில் இருக்கும் கையெழுத்துக் கணக்கும் அதுவும் பொருந்த வேண்டும், பாதியில் எழுந்து போனவர்கள் இருந்தால் அதையும் குறியுங்கள்.

பதிவும் அதற்குப் பிறகும்

தீர்மானம் நிறைவேறிய கையோடு, காலம் கடத்தாமல், திருத்தத்தை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள். நோட்டீஸ் நகல், தீர்மான நகல், வருகைப் பட்டியல், திருத்திய துணை விதிகள் எல்லாம் கேட்பார்கள். சிறு திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பினால் பொறுமையாகச் சரிசெய்து கொடுங்கள். பதிவான நகல் கைக்கு வரும்வரை ஒருவருக்கும் உறுப்பினர் அட்டை கொடுக்காதீர்கள், சந்தாவும் வாங்காதீர்கள். விண்ணப்பம் மட்டும் வாங்கி வைக்கலாம்.

சங்கத்தின் பெயரையும் பாருங்கள். பெயரிலேயே 'அரசுப் பள்ளி' என்று இருந்தால் பெயர் மாற்றம் தனி வேலை, அதற்கென்று தனி நடைமுறை உண்டு. நோக்கங்கள் பகுதியில் கை வைத்தால், வருமான வரி விலக்குப் பதிவு உள்ள சங்கங்கள் ஆடிட்டரிடம் உடனே சொல்ல வேண்டும், அதற்குக் கெடு உண்டு. வங்கிக்கும் திருத்திய பைலா ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.

விண்ணப்பங்களைச் சரிபார்க்க மூன்று பேர் குழு போதும். விருதுச் சான்றிதழின் அசலைப் பார்த்து, ஜெராக்ஸில் 'அசலுடன் ஒப்பிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். பிற விருது என்றால் மேலே சொன்ன நான்கு கேள்விக்கும் ஒரு தாளில் பதில். எங்களிடம் முதல் சுற்றில் 41 விண்ணப்பம் வந்தது. அதில் ஆறு பேர் பணம் கட்டி வாங்கிய விருதோடு வந்தார்கள். அவர்களுக்குக் கடிதம் மட்டும் அனுப்பவில்லை, ஒவ்வொருவரிடமும் போனில் பேசினோம். அரசு விருதுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க இரண்டு மூத்தவர்களை ஒப்படைத்தோம்.

உறுப்பினர் பதிவேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. புதியவர்களுக்கென்று தனி நோட்டுப் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது, வேண்டாம் என்றேன். பழைய நீல அட்டைப் பதிவேட்டில் கடைசியாக இருந்த எண் 213. அதற்கு அடுத்த வரியில் 214 என்று எழுதி, அந்த மலைக்கிராமத்து ஆசிரியையிடம் பேனாவைக் கொடுத்தோம்.